அங்கேயும் கொழுப்பு

தொப்புளுக்குள்ளிருந்து அழுக்கு வந்துகொண்டே இருந்தது. சிஸ்டர் பெண் பஞ்சு சுற்றிய குச்சியை எண்ணெயில் தோய்த்து உள்ளே விட்டு, திருகித் திருகி எடுத்தாள். எடுத்ததை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தரம் தூக்கிப் பார்த்தாள், பிறகு கட்டில் ஓரத்துத் தட்டில் போட்டாள், அடுத்த குச்சியைச் சுற்றினாள். கறுப்பாக, கொழகொழவென்று, வடைச்சட்டியின் அடியில் தங்குகிற கசடு மாதிரி ஏதோ. மங்கையர்க்கரசி கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடினால் போகிற சமாச்சாரமா அது, எண்ணெய் வாசனையும் அதற்கடியில் இன்னொரு வாசனையும் மூக்குக்கு வந்தன, அந்த இன்னொன்று தன்னுடையதுதான் என்று தெரிந்தபோது குமட்டிக்கொண்டு வந்தது. மின்வாரிய ஆபீஸில் அவளுக்குச் சுத்தக்காரி என்று பேர், பாதி பாராட்டு, பாதி கேலி. காலையும் மாலையும் குளியல். பிறர் வாய் வைத்த டம்ளர் பக்கமே போக மாட்டாள். சூப்பிரண்டெண்ட் எச்சில் தொட்டுத் தொட்டுத் தாள் புரட்டுகிறவர், அவர் மேஜையிலிருந்து வருகிற ஃபைலை அவள் ஸ்கேலால் திறப்பதை ஆபீஸே வேடிக்கை பார்க்கும். அப்படிப்பட்ட மகராசியின் வயிற்றுக்கு நட்டநடுவில் ஐம்பத்தொரு வருஷத்து அழுக்கு வாடகை கொடுக்காமல் குடியிருந்திருக்கிறது. "எல்லாருக்கும் இருக்கும்மா, சங்கடப்படாதீங்க," என்றாள் சிஸ்டர். "கேமரா இது வழியாத்தான் உள்ள போகும். அதான் கொஞ்சம் நல்லாக் கிளீன் பண்றேன்." சின்னப் பெண், மகள் தேன்மொழி வயசுகூட இருக்காது. மங்கைக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை, அந்தத் தட்டைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டு போய்த் தொலையேன் என்றுதான் தோன்றியது. அவள் போகும்போது தட்டை மூடவில்லை. கதவைத் திறந்து வராந்தாவில் எல்லாரும் பார்க்க ஏந்திக்கொண்டு போனாள்.

கேமரா. டாக்டர் ஜெசிந்தா படம் போட்டுக் காட்டியிருந்தார். தொப்புளில் ஒரு துளை, இடுப்பின் இரண்டு பக்கமும் சின்னத் துளைகள். வயிற்றுக்குள் காற்றை விட்டு உப்ப வைத்து, எதிரே டிவியில் பார்த்துக்கொண்டே நீளக் குச்சிகளால் அறுப்பார்களாம். பெரிய கீறல் கிடையாது, சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம். "பீரியட்ஸ்தான் நின்னுருச்சே, கட்டியக் கர்ப்பப்பையோட சேர்த்தே எடுத்துருவோம். கீழ் வழியாவே வெளிய வந்துரும்." கீழ் வழியாக. மகள் வந்த வழியில் அதுவும் வரும், சாத்துக்குடிப் பருமனில், வழுவழுவென்று. அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவள் சாத்துக்குடி உரிப்பதை விட்டுவிட்டாள். வந்திருப்பது என்ன என்று டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார்: "கர்ப்பப்பைக் கட்டின்னா பெரும்பாலும் நார்க்கட்டிதான் இருக்கும். உங்களுக்கு அபூர்வமா வர்றது வந்துருக்கு. நாருக்குள்ள கொழுப்புச் சேந்து கட்டியாயிருக்கு. கெட்ட கட்டி இல்ல. ஆனா சிறுநீர்ப்பைய அழுத்துது, அதான் உங்களுக்கு அடிக்கடி அவசரம்." மங்கை மூச்சை விட்டாள். கெட்டது இல்லை. அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க ஆசைப்பட்டாள், அதற்குள் பக்கத்து நாற்காலியில் பூமிநாதன் தொடையைத் தட்டிச் சிரித்தார். கட்டிய புருஷன். "அங்கேயும் கொழுப்புதானா!" தொடையைத் தட்டிய சத்தம் முதலில், சிரிப்பு பிறகு. டாக்டருக்கும் உதட்டோரம் லேசாக அசைந்தது, உடனே அடக்கிக்கொண்டார், அடக்கியதை மங்கை பார்த்துவிட்டாள். அந்தத் தொடைச் சத்தம் அன்றிலிருந்து காதைவிட்டுப் போகவில்லை. குழாயைத் திறந்தால் கேட்கிறது. பல் தேய்க்கும்போது கேட்கிறது. கெட்டது இல்லை என்று டாக்டர் சொன்னதை நினைக்கப் போனால் அதற்கு முன்னால் வந்து குறுக்கே நிற்கிறது. அவருக்கோ அது ஒரு தரம் சிரித்துத் தீர்ந்த சரக்கில்லை, வண்டி நிறுத்துமிடத்திலேயே ஃபோனை எடுத்து அக்காவுக்குச் சொன்னார், அக்கா வீட்டு மச்சானுக்குச் சொன்னார், சம்பந்தமே இல்லாத பழைய கூட்டாளி ஒருவருக்குச் சொன்னார். ஒவ்வொரு தரமும் புதுசாகச் சிரித்தார்.

கொழுப்பு. அந்தச் சொல் அவளுக்குப் புகுந்த வீட்டில் வைத்த பேர். கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம், விருந்து, அவர் சாப்பிட்டு எழுந்த இலையில் அவள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார்கள். இலையில் முருங்கைக்காய்ச் சக்கை மென்று துப்பின குவியல், வாய்க்கால் மாதிரி ரசம், ரசத்தில் மிதந்த ஒரு மீசை முடி. மாமியார் "உக்காருத்தா" என்று அன்பாகத்தான் சொன்னார். மங்கை உட்காரவில்லை, உள்ளே போய் வேறு இலை எடுத்துவந்து, தண்ணீர் தெளித்து, தள்ளிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அவளுக்குத் தெரிந்து அதில் வேறொன்றும் இல்லை, குமட்டியது, அவ்வளவுதான். ஆனால் அவர் அக்கா, நாத்தனார் சௌந்தரம், சமையலறை வாசலில் நின்றபடி சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது: "பாத்தியாம்மா கொழுப்ப!" அதற்கப்புறம் எதைச் செய்தாலும் அதே கணக்குத்தான். சம்பளத்தைத் தன் பேரில் போட்டால் கொழுப்பு. ஒரு பிள்ளை போதும் என்றால் கொழுப்பு. எதிர்த்துப் பேசினால் கொழுப்பு, பேசாமல் இருந்தால் உள்கொழுப்பு. அவளோ ஒல்லியாகத்தான் இருந்தாள், எலும்பும் தோலுமாக, சேலை நிற்க இடுப்பில்லாமல். இத்தனை வருஷமாக இத்தனை பேர் சொன்னார்களே, அது எங்கேயாவது போய்ச் சேராமலா இருக்கும் என்று பைத்தியக்காரத்தனமாக ஒரு யோசனை ஓடுகிறது இப்போது. வார்த்தையெல்லாம் உள்ளே இறங்கி உருண்டு திரண்டு உறைந்து, கடைசியில் ஸ்கேன் மெஷின் அதைப் படம் பிடித்து அவர்கள் சொன்னது சரிதான் என்று சாட்சி சொல்லிவிட்டதாக. சீ, என்ன நினைப்பு இது. வெறும் வயிறு, அதுதான் காரணம். நேற்று ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை. வாய்க்குள் நாக்கு தடித்து, யாரோ ஊறப்போட்டு மறந்த துணி மாதிரி கிடக்கிறது, பல் தேய்த்தும் வாய் நாறுகிறது. பின்பக்கம் முடிச்சுப் போடுகிற இந்தப் பச்சை அங்கியை இதற்கு முன்னால் எவள் போட்டிருந்தாளோ, வெளுத்தும் போகாத பழுப்புக் கறை ஒன்று மார்புக்கு நேராக. அது இரத்தமாக இருக்கலாம். மருந்தாகவும் இருக்கலாம். மருந்துதான் என்று முடிவு செய்துகொண்டாள், வேறு வழி?

அதெல்லாம்கூடப் போகட்டும். காட்டுவார்களே, அதுதான் தொண்டையில் நிற்கிறது. ஆபரேஷன் முடிந்ததும் தியேட்டர் கதவு பாதி திறக்கும், சிஸ்டர் எட்டிப் பார்த்து "மங்கையர்க்கரசி அட்டெண்டர் யாரு?" என்பாள், பூமிநாதன் ஓடுவார், தட்டில் வைத்துக் காட்டுவார்கள். எடுத்தாச்சு, பாத்துக்கங்க. எல்லா ஆஸ்பத்திரியிலும் நடக்கிறதுதான். மாமியாருக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது அவளும் அந்தக் கதவருகில் நின்றிருக்கிறாள். எவர்சில்வர் பேசினில், ஆட்டுக் கிட்னி மாதிரி, ஆனால் அதைவிட வெளிறி, ஒரு பக்கம் கிழிந்து, இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டு. அக்காவும் தம்பியும் மச்சானும் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். "இதுலயா நாங்க ரெண்டு பேரும் இருந்தோம்?" என்று பூமிநாதன் கேட்க, காட்டியவரும் சிரித்தார். மங்கை சுவர்ப் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று மத்தியானம் அவர்கள் எல்லாரும் பரோட்டா சாப்பிடப் போனார்கள். பிறகு மயக்கம் தெளிந்த மாமியார் அவளைக் கிட்டே கூப்பிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல், "என்னதப் பாத்தியாமே, எப்பிடித்தா இருந்துச்சு?" என்று கேட்டார். முகத்தில் அப்படி ஒரு கூச்சம், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மார்க் கேட்கிற மாதிரி. மங்கை "நல்லா இருந்துச்சு அத்தை" என்றாள். வேறென்ன சொல்ல. ஊரே பார்த்தாயிற்று, உடையவள் மட்டும் பார்க்கவில்லை. மச்சானுக்குப் பித்தப்பைக் கல் எடுத்தபோது இன்னும் விசேஷம், கல்லை ஊறுகாய் பாட்டிலில் போட்டு வரவேற்பறை ஷோகேஸில் வைத்திருக்கிறார், கொலு பொம்மைக்குப் பக்கத்தில். போகிறவர் வருகிறவர் எல்லாம் குலுக்கிப் பார்க்க வேண்டும். படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டார், யாரோ வாழ்த்துகள் என்று பதில் போட்டிருந்தார்கள். அந்தக் குரூப்பில் நாற்பதுக்கு மேல் ஆட்கள். மாப்பிள்ளை இருக்கிறார். சம்பந்தி இருக்கிறார். இன்று விடியற்காலையில் பூமிநாதன் வராந்தாவில் ஃபோனில் பேசியது கதவிடுக்கு வழியாகக் கேட்டது: "காட்டுவாகள்ல மச்சான், படம் எடுத்து அனுப்புறேன். கொழுப்பு எப்பிடி இருக்குன்னு பாப்பம்!" தொடையைத் தட்டின சத்தமும் கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்தாளோ. டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். யாருக்கும் காட்டாதீங்க டாக்டர். சின்ன வாக்கியம்தான். காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது சொல்ல வாயெடுத்தாள், கூடவே ஐந்தாறு பேர், டாக்டர் "தைரியமா இருங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். ரத்த அழுத்தம் பார்க்க வந்தவளிடம் சொல்லலாமென்றால் அவள் காதில் ஃபோன். தொப்புளைச் சுத்தம் பண்ணினவளிடம் எப்படிச் சொல்ல, உன் அழுக்கையே பார்த்துவிட்டேன் இனி என்ன என்று நினைத்துக்கொண்டால்?

கதவு திறந்தது. முதலில் சாம்பார் வாசனை வந்தது, பின்னால் பூமிநாதன், அவருக்குப் பின்னால் சௌந்தரம். கேண்டீனில் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். அவர் மீசை நுனியில் தேங்காய்ச் சட்னி காய்ந்து வெள்ளையாய் ஒட்டியிருந்தது. மங்கை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்காமலிருக்க முடியவில்லை. "இங்க இட்லி சுமாரா இருக்கு," என்றார். பட்டினி கிடக்கிறவளிடம் சொல்ல வேண்டிய சேதி. ஈரக் கையால் அவள் பாதத்தைப் பிடித்து அமுக்கினார், அந்த ஈரத்தில் சாம்பார் எவ்வளவு தண்ணீர் எவ்வளவு என்று அவள் மனசு கணக்குப் போட்டது. கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. லீவு போட்டுவிட்டு ராப்பூரா அந்த மடக்குக் கட்டிலில் முழங்காலைச் சுருக்கிக்கொண்டு படுத்திருந்தார், அவள் ஒவ்வொரு தரம் பாத்ரூம் போக எழுந்தபோதும் எழுந்து விளக்கைப் போட்டார். அப்படிப்பட்டவர் மேல் இப்படி ஓங்கரித்துக்கொண்டு வருகிறதே, நான் என்ன பிறவி என்று நினைத்தாள். நினைத்த கையோடு மறுபடி சட்னியைப் பார்த்தாள், மறுபடி ஓங்கரித்தது. "என்னங்க," என்றாள். "அந்த... காட்டுவாங்கல்ல, நீங்க போக வேணாம்." அவருக்குப் புரியவில்லை. "எங்க போக வேணாம்?" "பாக்க வேணாம்ங்கிறேன். எடுத்தத." சௌந்தரம் முந்திக்கொண்டாள். "அட, பாக்காம எப்பிடி மங்கை? எடுக்காமயே எடுத்தோம்னு பில்லப் போட்ருவாகளாம்ல. ஆம்பள ஒருத்தரு நின்னு பாத்துக்கிறணும்." "எனக்குப் பிடிக்கல மதினி." "ஒனக்கு எதுதான் பிடிச்சிருக்கு?" என்றாள் சௌந்தரம், கோபமாக இல்லை, பழகிப்போன குரலில், சொல்லிக்கொண்டே மங்கையின் தலையணைக்கடியிலிருந்த துண்டை எடுத்து உதறி மடித்து வைத்தாள். பூமிநாதன் குனிந்து, "பயந்துக்கிறாதடி, நான் பாத்துக்கிறேன்," என்றார். அவர் சொன்ன பார்த்துக்கொள்வதும் அவள் சொன்ன பார்ப்பதும் ஒரே சொல்லாய்ப் போய்விட்டதே, இதை எங்கே பிரித்து எப்படிப் புரியவைப்பது. மூச்சில் வெங்காயம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பயம் என்று எடுத்துக்கொண்டு அவர் தலையைத் தடவிக்கொடுத்தார்.

பயம்தான், அது இல்லையென்று யார் சொன்னது. மயக்கம் கொடுத்தால் எழுந்திருப்போமா என்ற பயம், கெட்டது இல்லை என்றது பிறகு லேபில் கெட்டதாக மாறிவிடுமோ என்ற பயம். ஆனால் பயத்தைவிட அருவருப்பு ஒரு படி மேலே உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன, வேண்டாம் வேண்டாம் என்றாலும் வந்தன. கறிக்கடையில் அவர் சொல்வது: "பாய், கொஞ்சம் கொழுப்பாப் போடுங்க." அவள் மஞ்சள் போட்டுக் கழுவுவாள், விரலிடுக்கில் பிசுபிசுவென்று வெள்ளை ஒட்டும், சுடுதண்ணீரில் மூன்று முறை கழுவினாலும் பிசுக்கு போகாது. குழம்பில் அந்தத் துண்டுகள் மேலே மிதக்கும், நடுங்கிக்கொண்டு, கண்ணாடி மாதிரி. அவற்றை அவர் தனியாக ஒதுக்கிவைத்துக் கடைசியில் சாப்பிடுவார், கண்ணை மூடி, உதட்டில் எண்ணெய் மினுங்க, உறிஞ்சுகிற சத்தத்தோடு. "இதுலதான்டி ருசியே இருக்கு." இன்றைக்கு அதே கண்ணால், அதே மீசையோடு, தட்டில் இருப்பதைக் குனிந்து பார்ப்பார். மஞ்சளும் வெள்ளையுமாய் இருக்குமாம், வெண்ணெய் மாதிரி. டாக்டர்தான் சொன்னார், ஏன் சொன்னாரோ. அவர் பார்ப்பார், படம் எடுப்பார், பிறகு வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை அவள் குழம்பைக் கொண்டுவந்து வைக்கும்போது என்ன சொல்வார் என்பது இப்போதே அவளுக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரியும். சௌந்தரம் சிரிப்பாள். மாப்பிள்ளை நாசூக்காய்த் தட்டைப் பார்ப்பார். இருக்கிற காலம் முழுக்க அந்த வேடிக்கை ஓயாது. அதை எடுக்காமலே இருந்துவிட்டால்? எழுந்து, இந்தக் கறைபிடித்த அங்கியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டால்? கெட்டதுதான் இல்லையே, இருந்துவிட்டுப் போகட்டும். சிறுநீர்ப்பைதானே, அடிக்கடி போய்க்கொள்கிறேன். நன்றாக இருந்தது அந்த யோசனை, கட்டிலின் கால்மாடு வரைக்கும் நகர்ந்துகூட விட்டாள். அப்போதுதான் தள்ளுவண்டி வந்துவிட்டது.

வண்டியில் படுக்கவைத்துத் தள்ளியபோது கூரை விளக்குகள் ஒவ்வொன்றாய் வந்து போயின, ஒரு விளக்கின் கண்ணாடிக்குள் செத்த பூச்சிகள் குவிந்து கிடந்தன, ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அதைத் துடைக்க ஒருவன் கிடைக்கவில்லையா. தியேட்டர் வாசலில் பூமிநாதன் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். ஃபோன் சட்டைப் பையில் பாதி வெளியே தெரிந்தது. கதவு சாத்தும்போது அவர் கண் கலங்கியிருந்ததோ, அவளுக்கு அந்த ஃபோன்தான் தெரிந்தது. உள்ளே குளிர், ஸ்பிரிட் நெடி. இடது கையில் ஊசி ஏறியிருந்தது, அந்தக் கையைப் பலகையோடு சேர்த்துக் கட்டினார்கள். மயக்க டாக்டர், இளம் வயசுக்காரர், குனிந்து "நல்லாத் தூங்கி எந்திரிக்கப் போறீங்க, அவ்வளவுதான்," என்றார். "டாக்டரம்மாவக் கூப்பிடுங்க," என்றாள். "வருவாங்கம்மா." "ஒண்ணு சொல்லணும்." "சொல்லலாம், சொல்லலாம், மூச்ச நல்லா இழுத்து விடுங்க." எல்லாரும் கனிவாகப் பேசினார்கள், ஒருவரும் காதில் வாங்கவில்லை. ஊசியில் என்னவோ கலந்திருக்கிறார்கள் போல, நாக்கு பின்னால் பின்னால் வழுகியது, அந்தச் சின்ன வாக்கியத்தின் முதல் சொல் எது என்றே மறந்துபோனது. காட்டாதீங்க, அது கடைசி. முதலில் என்ன? டாக்டர் ஜெசிந்தா வந்தார். கை கழுவி, பச்சை கவுன் மாட்டி, கையுறையிட்ட இரண்டு கைகளையும் எதிலும் படாமல் மார்புக்கு நேரே உயர்த்திப் பிடித்தபடி, முகமூடிக்கு மேல் கண் மட்டும். "ரெடியா மங்கையர்க்கரசி?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் டிவியின் பக்கம் திரும்பினார். முகத்துக்கு மேல் ரப்பர் வாசனையோடு மாஸ்க் இறங்கிக்கொண்டிருந்தது. மங்கை, எவர் தொட்ட எதையும் தொடாத மங்கை, கட்டாமலிருந்த வலது கையை நீட்டி டாக்டரின் கையைப் பிடித்துவிட்டாள். நன்றாக, விரலோடு விரல் கோத்து, இறுக்கி.

"அய்யோ, தொட்டுட்டீங்களேம்மா!" என்று சிஸ்டர் ஒருத்தி அலறினாள். எல்லாம் நின்றது. மாஸ்க் பாதியில் நின்றது, குச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள், ஏதோ ஒரு மெஷின் மட்டும் பீப் பீப் என்றது. டாக்டர் தன் கையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். இனி அந்தக் கை ஆகாது, கையுறையைக் கழற்ற வேண்டும், மறுபடி கழுவ வேண்டும், எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அது தெரிந்தேதான் மங்கை விடவில்லை. "யாருக்கும் காட்டாதீங்க," என்றாள். குரல் தடித்து, குடிகாரி குரல் மாதிரி வந்தது. "எடுத்தத யாருக்கும் காட்டக் கூடாது. அவருக்கும். அவருக்கு முக்கியமா. அவரு சிரிப்பாரு." அதற்கு மேல் சொல்லத் தேவையிருக்கவில்லை. அன்றைக்கு அறையில் உதட்டோரம் அசைந்ததை டாக்டரும் மறந்திருக்க மாட்டார், முகமூடிக்கு மேலே அந்தக் கண்கள் ஒரு கணம் தாழ்ந்தன. "வழக்கம் டாக்டர், காட்டலன்னா சண்டைக்கு வருவாங்க," என்று சிஸ்டர் இழுத்தாள். "வரட்டும், நான் பேசிக்கிறேன்," என்றார் டாக்டர். "நேரா லேபுக்குத்தான் போகும் மங்கையர்க்கரசி. கதவத் தொறக்க மாட்டோம்." "சத்தியமா?" "சத்தியமா." பிறகு, பிடியிலிருந்து கையை உருவிக்கொள்ளாமலே, "இந்தக் கையையும் கட்டணும்மா. இல்லன்னா இன்னொரு தரம் தொட்டுருவீங்க," என்றார். மங்கை விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தாள். "கட்டிக்கங்க," என்று கையை அவளே பலகையின் மேல் நீட்டி வைத்தாள்.